வன்னிக் கரையில் மாறும் காலநிலையும் மாறத் தெரிந்த தொழிலாளரும்

கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் வடக்கே முல்லைத்தீவுக் கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து வெளிநாடு போனவர்கள் ஓர் ஒன்றியமாகச் சேர்ந்து கொஞ்சப் பணம் திரட்டியிருக்கிறார்கள். ஊரில் சின்னத் தொழில் செய்கிறவர்கள் காலநிலை மாற்றத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள், எதில் உதவினால் பயன் இருக்கும் என்று கேட்கிறார்கள். படகு வாங்கிக் கொடுப்பதா, கண்டல் (உவர்நீர்க் கரையில் வளரும் மரம்) நடுவதா, கடலட்டைப் பண்ணையா, கடற்பாசி வளர்ப்பா என்று நாலு யோசனையும் வைத்திருக்கிறார்கள். நாலைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் வன்னிக் கரையில் தொழில் எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லாமல் அந்தப் பதில் விளங்காது.

எங்கள் கரைச் சனம் காலநிலைக்கு இசைந்து போவதை இன்றைக்குப் புதிதாகப் படிக்கவில்லை. இடம் மாறுவது, வலை மாறுவது, வேண்டிவந்தால் தொழிலையே மாற்றுவது, இதுதான் அவர்களின் வழி. கொக்கிளாயிலிருந்து சாலை வரைக்கும் உள்ள கிழக்குக் கரையில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கடல் அடங்கிக் கிடக்கும். பங்குனி தொடங்கிப் புரட்டாசி மட்டும் பெருங்கடல் தொழிலும் கரையிலிருந்து இழுக்கும் கரைவலையும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை என்ற வடகிழக்குக் காற்று எழும்பினால் கடலில் இறங்கேலாது. வள்ளத்தைக் கரையேற்றி வைத்துவிட்டு ஆட்கள் நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய்க் களப்புகளுக்குள் (கடலோடு சேரும் உப்பேரிகளுக்குள்) இறாலுக்குப் போவார்கள். களப்பும் தராத நாளில் வயல்கூலி, நெல் அறுக்கும் அருவி வெட்டு. மேற்கே நாச்சிக்குடா, வலைப்பாடு, கிராஞ்சி, விடத்தல்தீவுப் பக்கம் ஆழம் குறைந்த கடல். அங்கே நண்டு, இறால், ஓரா மீன். இரணைதீவில் பெண்கள் வற்றுக்கடலில் நடந்து கடலட்டை பொறுக்குவார்கள். ஒரே வீட்டில் நண்டுவலையும் இறால்வலையும் சூடைவலையும் தொங்குவது வசதியின் அடையாளம் இல்லை. ஒன்று தராத மாதத்தில் மற்றது சோறு போட வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே என் பதிலை இப்படி வைக்கிறேன். இந்த மாறும் வசதியைக் கூட்டுகிற உதவி நல்ல உதவி. ஆளை ஒரே இடத்தில், ஒரே பொருளில் கட்டிப்போடுகிற உதவி, எவ்வளவு நவீனமாகத் தெரிந்தாலும், காலநிலை கெடக்கெட அவர்களுக்குப் பாரமாகும்.

இனி, என்ன மாறுகிறது? வெப்பமண்டல இந்து சமுத்திரத்தின் மேற்பரப்பு 1950களிலிருந்து ஏறத்தாழ 1 பாகை செல்சியஸ் சூடாகியிருக்கிறது. உலகக் கடல்மட்டம் 1901 முதல் 2018 வரை 20 சென்ரிமீற்றர் உயர்ந்தது, அதில் 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மில்லிமீற்றர் என்ற வேகத்தில் ஏறியது. எண்கள் சின்னதாகத் தெரியும். ஆனால் எங்கள் கரையில் கடல் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையிலான வித்தியாசமே ஒரு மீற்றருக்குக் குறைவு. அப்படிப்பட்ட கரையில் ஒரு சாண் உயர்வு என்பது கரைவலை இழுக்கும் மணலையும் வாடி (தொழிலாளர் தங்கும் கொட்டில்) போட்ட இடத்தையும் கிணற்று நல்ல தண்ணீரையும் தொடுகிற உயர்வு. இதைவிடத் தொழிலாளருக்கு உடனே உறைப்பது மழையின் போக்கு. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பரந்து பெய்ய வேண்டிய மாரி சில நாட்களுக்குள் கொட்டித் தீர்க்கிறது, அல்லது பிந்துகிறது. 2016, 2017 வரட்சி நாட்டில் நாற்பது ஆண்டுகளில் கண்டிராத வரட்சி என்றார்கள். அடுத்த ஆண்டே, 2018 டிசம்பரில், இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்டு கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றன.

இதையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் தொடுவாயில் போய் நிற்க வேண்டும். களப்பு கடலைச் சந்திக்கும் வாயை எங்கள் பக்கம் தொடுவாய் என்போம். கோடையில் அலை மணலைத் தள்ளிக்கொண்டு வந்து வாயை மூடிவிடும். மாரியில் பேராறும் சின்னச் சின்ன ஆறுகளும் நீரைக் கொண்டுவர, களப்பு நிரம்பி மணல்திட்டை முட்டும். சில வருடம் தானாக உடையும். பல வருடம் ஆட்கள் வெட்ட வேண்டும்.

கையால் வெட்டும் விதம் இப்படி. திட்டின் மிகத் தாழ்ந்த இடத்தைப் பிடித்து, கடல்பக்கம் இருந்து களப்புப்பக்கம் நோக்கி ஒடுக்கமான வாய்க்கால் ஒன்றை மண்வெட்டியால் எடுத்துக்கொண்டு வருவார்கள். களப்பு நீரைத் தடுத்து நிற்கும் கடைசி மண்ணை மட்டும் விட்டு வைப்பார்கள். கடல் வற்றும் நேரம் பார்த்து அதை உடைப்பார்கள், அப்போதுதான் உள்நீருக்கும் கடலுக்கும் உயர வித்தியாசம் கூட இருக்கும். முதலில் ஒரு முழ அகலத்தில் ஓடும் தண்ணீர் இரண்டு பக்க மணலையும் தானே அறுத்து விழுத்தி, மணித்தியாலக் கணக்கில் ஆள் கடக்க முடியாத ஆறாகிவிடும். களப்பில் நீர் போதிய உயரம் வருமுன் அவசரப்பட்டு வெட்டினால் இந்த ஓட்டம் பலக்காது. வெளியில் அடிக்கிற வாடை அலை மணலைக் கொண்டுவந்து சில நாட்களில் வாயை அடைத்துவிடும்.

இதில் இறாலின் கதை இருக்கிறது. வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் திறந்த வாயால் களப்புக்குள் வந்து, சேற்றிலும் கண்டல் வேரிலும் இரை தேடி வளர்ந்து, பருவம் வரக் கடலுக்குத் திரும்பும். வாய் எப்போது திறக்கிறது, எத்தனை நாள் திறந்து கிடக்கிறது என்பதுதான் அந்த வருடக் களப்புத் தொழிலை முடிவுசெய்கிறது. மழை பத்து நாளில் கொட்டிவிட்டு ஓய்ந்தால் வாய் வேகமாகத் திறந்து வேகமாக மூடும். குஞ்சு வர நேரமில்லை. மழை பிந்தினால் வாயும் பிந்தும், குஞ்சு வரும் காலம் தவறிவிடும். களப்பைச் சுற்றியுள்ள தாழ்ந்த வயல்காரருக்கோ பயிர் தாழுமுன் வாய் வெட்டப்பட வேண்டும். இரண்டு பகுதியினரின் கோரிக்கையும் நியாயமானது. முன்பு மழையின் நடையைக் கொண்டு இரண்டு பேரும் ஓரளவு ஒத்துப்போக முடிந்தது. இப்போது மழை நடை தப்பியதால், எப்போது வெட்டுவது என்ற கேள்வி ஒவ்வொரு மாரியிலும் வாக்குவாதமாக எழும்புகிறது.

மறுபக்கம் கோடை. வாய் மூடிக் கிடக்க, ஆற்று நீர் குளங்களில் மறிக்கப்பட்டு வராமல் நிற்க, வெயிலில் களப்பு வற்றி ஆழம் முழங்கால் அளவுக்கு வரும். நீர் சூடாகும், உப்பு ஏறும். சூடான நீரில் ஒட்சிசன் கரைவது குறைவு. வயல்களில் இருந்து வந்த பசளை சேர்ந்து பாசி படர்ந்திருந்தால், அது இரவில் இருக்கிற ஒட்சிசனையும் எடுத்துக்கொள்ளும். விடியப்புறம் மீன்கள் வாயைத் திறந்தபடி மேலே வருவதும், வெயில் ஏறுமுன் திரளியும் மடவையும் வெள்ளையாக மிதப்பதும் இதனால்தான். நஞ்சு போட்டுவிட்டார்கள் என்று ஊரில் கதை பரவும். பெரும்பாலும் ஆழமின்மையும் வெப்பமும்தான் காரணம். களப்புக்கு வரவேண்டிய நன்னீரைக் குளத்து நீர்ப்பங்கீட்டில் யாரும் ஒரு பங்காகக் கணக்கெடுப்பதில்லை. நீர்ப்பாசனக் கூட்டங்களில் கமக்காரர் அமைப்புகள் இருக்கின்றன, கடற்றொழிலாளர் சங்கங்களும் அங்கே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது புயல். 1964 டிசம்பர்ப் புயல் தலைமன்னாரையும் தனுஷ்கோடியையும் அழித்ததை மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். 2008 நவம்பரில் நிசா, 2020 டிசம்பரில் புரெவி, 2025 நவம்பர் இறுதியில் டித்வா. புயல் எங்களுக்குப் புதிதல்ல. கடல் சூடாக இருந்தால் சாதாரணத் தாழமுக்கம் மிகக் குறுகிய நேரத்தில் புயலாகத் தடிக்கிறது. காற்றின் போக்கையும் முகிலின் நிறத்தையும் நீரோட்டத்தையும் பார்த்து இரண்டு நாள் முன்னமே வள்ளத்தை ஏற்றிவிடுகிற பழைய அறிவுக்கு அவகாசம் கிடைக்காமல் போகிறது. அந்த அறிவு பொய்த்துவிட்டது என்று இளைஞர்கள் சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். காற்றைப் படிக்கத் தெரிந்தவர்தான் வானிலை அறிவித்தலையும் சரியாகப் பயன்படுத்துகிறார். "மணிக்கு 60 கிலோமீற்றர் காற்று" என்று தொலைபேசியில் வந்தால் அது தன் தொழிலிடத்தில் எந்த நேரம் எந்தத் திசையில் அடிக்கும் என்று கணிக்க அவருக்குத்தான் முடியும். குறைபாடு வேறிடத்தில். அறிவித்தல் "கிழக்குக் கடற்பரப்பு" என்று பெரிதாக வருகிறது. சங்கம் அதை வாங்கி, எத்தனை வள்ளம் வெளியே நிற்கிறது என்று பார்த்து, கூப்பிடும் ஏற்பாடு எல்லாக் கரையிலும் இல்லை. ஒலிபெருக்கியும், கடலுக்குப் போகிற வள்ளங்களைப் பதிந்து வைக்கும் கொப்பியும், பொறுப்பாக ஓர் ஆளும் இருந்தால் போதும். செலவு குறைந்த வேலை, உயிர் காக்கும் வேலை.

மேற்குக் கரையின் கதை வேறு. அங்கே தொழில் சாதாளையில் நிற்கிறது. ஆழமற்ற கடலின் அடியில் புல்லாகப் படர்ந்திருக்கும் சாதாளையில்தான் ஓரா மேய்கிறது, நீலக்கால் நண்டும் இறாலும் குஞ்சுப் பருவத்தில் ஒதுங்குகின்றன. கடல் சூடாகும்போது, ஆற்று வெள்ளம் சேற்றைக் கொண்டுவந்து மூடும்போது, சாதாளை நலியும். ஆனால் காலநிலை தொடுமுன்னமே அதைக் கிழித்துக்கொண்டிருப்பது இந்திய இழுவைப் படகுகள். இலங்கையில் 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தோடு கடலடியைச் சுரண்டி இழுக்கும் வலையான அடிமட்ட இழுவைமடி தடைசெய்யப்பட்டுவிட்டது. எல்லை தாண்டி வருகிற மடிகளை அந்தச் சட்டம் தடுத்து நிறுத்தவில்லை. அவர்கள் வழமையாக வரும் திங்கள், புதன், சனி இரவுகளில் எங்கள் ஆட்கள் வலை போடாமல் கரையில் இருப்பார்கள். போட்டால் பல இலட்சம் ரூபாய் வலை காலையில் இருக்காது. இந்தியப் பக்கத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இழுவைப் படகுகளுக்குத் தடை. அந்த 61 நாள்தான் நாச்சிக்குடாவில் எந்த இரவும் வலை போடலாம் என்று துணியும் காலம். காற்றும் கடலும் அனுமதிக்கும் நாட்கள் குறைந்துகொண்டு வரும்போது, வாரத்தில் மூன்று இரவை மனிதர்களே பறித்தால் மிச்சம் என்ன? காலநிலை மாற்றத்துக்கான உதவி என்று பேசுகிறவர்கள் இதை "வேறு பிரச்சினை" என்று தள்ளி வைப்பது எனக்கு ஏற்புடையதல்ல. கடலில் ஒரு குடும்பத்துக்கு இரண்டும் ஒரே இரவில்தான் வந்து சேர்கின்றன.

மாறிப் போக இடம் வேண்டும் என்றேன். அந்த இடம் சுருங்கி வருகிறது. 2016 இல் விடத்தல்தீவும், 2017 இல் நந்திக்கடலும் நாயாறும் இயற்கை ஒதுக்கிடங்களாக வர்த்தமானியில் வந்தன. களப்பைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை, அது அழிந்தால் முதலில் பட்டினி கிடப்பது தொழிலாளர்தான். ஆனால் தலைமுறையாக வலை வீசிய கரையில் எங்கே இறங்கலாம், எங்கே கூடாது என்பதை அந்தச் சனத்தோடு இருந்து வரைந்திருக்க வேண்டும். இரணைதீவு மக்கள் 1992 இல் இடம்பெயர்ந்து, 2018 ஏப்ரலில் தாங்களே வள்ளமேறிப் போய்த் திரும்பக் குடியேறினார்கள். இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் தங்கள் வற்றுக்கடல் ஓரத்தில் அவர்களால் குடியிருக்க முடியவில்லை. சோளகத்தில் மேற்குக் கரை கொந்தளிக்கும்போது நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்து நாயாறு, கொக்கிளாய்க் கரைகளுக்கு வாடி போட வருவது பழைய வழக்கம். அதுவும் ஒரு வகையில் காற்றோடு இடம் மாறும் தொழில்தான். யார், எத்தனை வள்ளம், எந்த வலை என்று உள்ளூர்ச் சங்கத்தின் சம்மதத்தோடு நடக்காதபோதுதான் அது பகையாகிறது.

எரிபொருள் இன்னொரு வேலி. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. ஒருமுறை தொழிலுக்குப் போய்வர 20 லீற்றர் அடிக்கும் வள்ளத்துக்கு 1,740 ரூபாய்ச் செலவு ஒரே நாளில் 6,800 ரூபாயானது. மீன் சூட்டுக்கு ஒதுங்கி ஆழத்துக்குப் போனால் பின்னால் போக எண்ணெய்க்குக் காசு வேண்டும். காசில்லாதவர் கரைக்குக் கிட்டவே நிற்பார். கிட்ட நின்று மீன்பாடு காணாவிட்டால் வலைக்கண்ணைச் சிறிதாக்குவார், தடைசெய்யப்பட்ட தங்கூசி (ஒற்றை நைலோன் இழை) வலைக்குப் போவார். சிலர் மீன் கூட்டத்தை வளைத்துப் பிடிக்கும் சுருக்குவலைக்கும், இரவில் விளக்கடித்து மீன் பிடிக்கும் ஒளிபாய்ச்சலுக்கும் கூலியாகப் போகிறார்கள். இதுவும் ஒரு வகைச் சமாளிப்புத்தான், மறுக்கவில்லை. ஆனால் அடுத்த வருடத்து மீனை இந்த வருடமே எடுத்துச் சாப்பிடுகிற சமாளிப்பு. அப்படிப் போகிறவர்களைத் திட்டிப் பயனில்லை. மீன் வாங்கும் முதலாளியிடம் முற்பணம் வாங்கியவருக்குக் கடலுக்குப் போகாத நாள் கிடையாது. மீனின் விலையையும் முற்பணம் கொடுத்தவர்தான் சொல்வார்.

இப்போது, ஒன்றியத்தாரே, உங்கள் நாலு யோசனைகளுக்கு வருகிறேன்.

கடலட்டைப் பண்ணை காசு தராது என்று சொல்ல வரவில்லை. நல்ல வருடத்தில் தரும். ஆனால் அட்டை நன்னீரைத் தாங்காது. பெருமழையில் ஆற்று வெள்ளம் ஆழமற்ற குடாவுக்குள் இறங்கி உப்பு குறைந்தால், வேலிக்குள் அடைபட்ட அட்டை தப்பி ஓட வழியில்லாமல் செத்துப்போகும். மழை கொட்டித் தீர்க்கும் காலம் கூடிவருகிறது என்று மேலே சொன்னேன், அதை இதோடு சேர்த்துப் பாருங்கள். வாங்கும் சந்தையும் ஏறத்தாழ ஒன்றேதான், சீனா. இன்னொன்று, வேலி போடப்படும் ஆழமற்ற இடம் வெறுங்கடல் அல்ல. அங்கே யாரோ சிறகுவலை போடுகிறார், யாரோ ஒரு பெண் நடந்து மட்டி பொறுக்குகிறார், இறால் குஞ்சு அந்த வழியாகத்தான் போய்வருகிறது. பணம் போடக்கூடிய சிலருக்குக் கடலில் காணி கிடைக்க, பணமில்லாதவருக்குப் பாதை அடைபடுகிறது. சங்கம் முழுவதும் கூடி, வழக்கமான தொழிலிடங்களை முதலில் குறித்து விலக்கிவிட்டு, மிச்சத்தில் சிறிய அளவில் செய்தால் யோசிக்கலாம். ஒன்றியத்தின் முதல் பணம் இதற்குப் போகக்கூடாது.

கடற்பாசியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வலைப்பாட்டுப் பக்கம் கயிற்றில் கட்டி வளர்க்கிறார்கள், பெண்களுக்குக் கைக்காசு வருகிறது, வரவேற்கிறேன். நீர் மிகச் சூடானாலும் உப்பு குறைந்தாலும் அந்தப் பாசியின் தண்டு வெளிறி உடைந்துபோகும். ஆகவே மேலதிக வருமானமாக இருக்கட்டும், முழு நம்பிக்கையாக வேண்டாம். வளர்க்கும் இனம் அந்நிய இனம் என்பதையும் மறக்கக்கூடாது. மன்னார் வளைகுடாவின் இந்தியப் பக்கத்தில் குருசடைத் தீவில் அதே பாசி பண்ணையிலிருந்து தப்பிப் பவளப்பாறையை மூடியது. பவளப்பாறைக்குக் கிட்டக் கயிறு கட்ட விடவேண்டாம்.

கண்டல் நடுவது எல்லோருக்கும் பிடித்த யோசனை. படமும் நன்றாக வரும். சுனாமிக்குப் பிறகு இலங்கை முழுவதும் நட்டதை ஆராய்ந்து 2017 இல் வெளியான ஆய்வு ஒன்று, 23 இடங்களில் நட்ட 1,000 முதல் 1,200 ஹெக்டயரில் 200 ஹெக்டயர் சொச்சம்தான் தேறியது என்று காட்டியது. 9 இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. தவறான இனத்தைத் தவறான மட்டத்தில் நட்டது, நட்ட பிறகு யாரும் திரும்பிப் பார்க்காதது, மாடு மேய்ந்தது ஆகியவை காரணங்கள். கண்டல் எங்கே முளைக்கும் என்பதை நீர் தீர்மானிக்கிறது. வருடத்தில் எத்தனை நாள் வேர் நனைகிறது, எத்தனை நாள் காய்கிறது, உப்பு எவ்வளவு என்பதைப் பார்க்காமல் சேற்றில் வரிசையாகக் குத்தினால் அது விறகு. வாய்க்கால் தூர்ந்து நீர் போகாமல் செத்துக் கிடக்கும் கண்டல் காடு இருந்தால், அந்த வாய்க்காலைத் திறந்துவிடுங்கள். விதை தானே மிதந்து வந்து முளைக்கும். இருக்கிற கண்டலை வெட்டாமல் காப்பது புதிதாக நடுவதைவிட எத்தனையோ மடங்கு மேல். பணம் கொடுக்கத்தான் வேண்டுமென்றால் கன்றுக்குக் கொடுக்காமல் மூன்று வருடம் பார்க்கும் ஆளுக்குக் கொடுங்கள்.

படகு. 2004 சுனாமியிலும் பின்னர் 2009 இல் போரின் முடிவிலும் எல்லாம் இழந்த சனத்துக்கு வள்ளமும் எஞ்சினும் கிடைத்தது பெரிய ஆறுதல், அதை யாரும் குறைத்துப் பேச முடியாது. இன்றைய நிலையில் இன்னும் பத்து வள்ளம் வந்தால் அதே களப்பில், அதே கரையில் பத்து வலை கூடும், அவ்வளவுதான். வள்ளமே இல்லாத பெண் தலைமைக் குடும்பம் ஒன்றுக்கோ, வெள்ளத்தில் இழந்தவருக்கோ என்றால் சங்கம் பெயர் சொல்லட்டும், கொடுங்கள். பொதுத் திட்டமாக வேண்டாம்.

அப்படியானால் எதற்கு? நான் முதலில் கை காட்டுவது கருவாட்டுக்கும் ஐஸுக்கும். மீன்பாடு கூடிய நாளில் விலை விழும், குறைந்த நாளில் மீன் இராது. இந்த ஏற்ற இறக்கம் இனிக் கூடத்தான் போகிறது. பிடித்ததை இரண்டு நாள் வைத்திருக்கவோ இரண்டு மாதம் வைத்திருக்கவோ முடிந்தால் தொழிலாளருக்கு மூச்சு விட இடம் வரும். எங்கள் சூட்டில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும். ரெஜிபோம் பெட்டி உடைந்து ஓட்டையாகி அரைவாசி ஐஸ் கரைக்கு வருமுன்பே தண்ணீராகிறது. நல்ல தடித்த பெட்டிகள் வாங்கிக் கொடுங்கள்.

கருவாடு பெரும்பாலும் பெண்களின் கையில். சூடையும் நெத்தலியும் மணலில் சாக்கு விரித்துக் காய்கிறது. பருவம் தப்பிய மழை ஒன்று மத்தியானம் பெய்தால் அன்றைய உழைப்பு போச்சு, புழு வைத்துவிடும். இடுப்பளவு உயரத்தில் கம்பு நாட்டி, பழைய வலையை இழுத்துக் கட்டிப் பரண் போட்டால் கீழிருந்தும் காற்றுப் பிடிக்கும், மணல் ஒட்டாது, நாய் கோழி தொடாது. ஓரத்தில் பொலித்தீன் சுருள் ஒன்று கட்டி வைத்தால், முகில் கறுத்தவுடன் இரண்டு பேர் இரண்டு பக்கத்திலும் பிடித்து இழுத்து மூடிவிடலாம். மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு, சுத்தமான தண்ணீர், இவ்வளவும் இருந்தால் அந்தக் கருவாட்டுக்கு வவுனியாவிலும் கொழும்பிலும் மணல் கருவாட்டைவிட நல்ல விலை. இந்த வேலைக்கு வெளியிலிருந்து நிபுணர் வரத் தேவையில்லை. கம்பும் உப்பு வைக்க ஒரு கொட்டிலும் கொஞ்ச முதலும் போதும்.

இரண்டாவது, சங்கத்தின் கையில் ஒரு சுழற்சி நிதி. வாடை கடுமையாக இருக்கும் மாதங்களில் வீட்டுச் செலவுக்கு வட்டியில்லாமல் எடுத்து, சோளகத்தில் திருப்பிக் கட்டும் கடன். முற்பணத்தின் பிடி தளர்ந்தால்தான் புயல் எச்சரிக்கை நாளில் ஒருவரால் துணிந்து கரையில் இருக்க முடியும். வலையில் ஏறிய சினை நண்டைத் திரும்பக் கடலில் விடவும் முடியும். சங்கத்தில் கணக்கு ஒழுங்காக எழுதப்படுகிறதா, பெண்கள் நிர்வாகத்தில் இருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். கணக்கு இல்லாத சங்கத்துக்கு நிதி கொடுத்தால் ஊருக்குள் சண்டையைக் கொடுத்ததாகும்.

மூன்றாவது யோசனைக்குப் பணம் அதிகம் வேண்டாம். தொடுவாய் ஒவ்வொரு வருடமும் எந்தத் திகதி திறந்தது, தானாக உடைந்ததா வெட்டியதா, அன்றைக்குக் களப்பு மட்டம் எவ்வளவு, எப்போது மூடியது, முதல் இறால் எப்போது ஏறியது என்று ஒரு கொப்பியில் எழுத ஆளை ஏற்பாடு செய்யுங்கள். நிரந்தரமாக ஓர் அளவுகோல் கம்பும் நடவேண்டும். பழைய வருடங்களை மூத்தவர்களிடம் கேட்டுக் கோயில் திருவிழாவை அடையாளமாக வைத்து எழுதலாம். வாய் மூடியது வைகாசி வற்றாப்பளைப் பொங்கலுக்கு முன்னமா பின்னமா என்றால் யாருக்கும் ஞாபகம் வரும். பிரதேச செயலகத்தில் வயல்காரரும் தொழிலாளரும் முகத்துக்கு முகம் இருந்து பேசும்போது, பத்து வருடப் பதிவு கையில் இருக்கிற சங்கத்தின் சொல்லைத் தட்டிவிட முடியாது. ஒதுக்கிட எல்லையைப் பற்றிப் பேசும்போதும் அதே கொப்பிதான் சாட்சி.

பணம் அனுப்புவதானால் ஆவணிக்குள் அனுப்புங்கள். கம்பு நடுவதும் பரண் கட்டுவதும் நிதிக்கு ஆள் தெரிவதும் மாரி இறங்குமுன் முடிய வேண்டும். புரட்டாசி நடுவில் சங்கமும் கமக்காரர் அமைப்பும் கூடி, களப்பு எந்த மட்டத்துக்கு வந்தால் வாய் வெட்டுவது என்று எழுத்தில் ஒத்துக்கொள்ள வைக்க முடிந்தால், இந்த வருட இறாலுக்கே அது உதவும்.